தாய்மாமன் இல்லாத ஆல்பம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டிருக்கிறார்கள். படிக்கப்போகிறவர்கள் நீங்கள்தான், அதனால் எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

பசுமலையில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் அதே அலுவலகத்தில்தான் நானும் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன். நம் பிழைப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும். மனித முகத்தைப் படமாகக் கொடுத்தால் அதில் இருப்பது சந்தோஷமா கோபமா என்று சொல்லும் நியூரல் நெட்வொர்க்கைத் தயார் செய்கிறோம். குவியல் குவியலாக முகங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 'இது பயம், இது சோகம்' என்று பெயர் ஒட்டிக் கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். பெயர் ஒட்டும் வேலையையும், ஒட்டியது சரிதானா என்று பார்க்கும் வேலையையும் நான் கவனித்துவந்தேன். உள்ளே எத்தனை அடுக்கு, என்ன கணக்கு என்பதெல்லாம் சரவணன் சொல்லித் தருவான். அவனிடம் கேளுங்கள். காபி வாங்கிக் கொடுத்தால் இன்னும் நன்றாகச் சொல்வான்.

நம்மிடம் இருப்பது ஏழு பெட்டிகள். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, வெறுப்பு, ஏழாவது 'ஒன்றுமில்லை'. மனிதனின் மொத்த மனசும் இந்த ஏழுக்குள் அடங்கிவிடும் என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், கடுப்புக்கு ஏன் பெட்டி இல்லை என்று. மதுரையில் பாதிப் பேர் பாதி நாள் கடுப்பில்தான் இருக்கிறார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று பார்த்தால் தெரியும். அது கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள். இன்றுவரை பார்க்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரு மேலாளர் இருந்தார். பெயரைப் போட்டால் போன் செய்து திட்டுவார், அதனால் போடவில்லை. மெஷின் சொன்ன எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "சம்பந்தப்பட்ட ஆளக் கேட்டீங்களா?" எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தில் இருக்கிறவன் எந்த நாட்டுக்காரனோ, எந்தக் காலத்தில் எடுத்த படமோ, அவனை எங்கே போய்த் தேடிக் கேட்பது? மனிதருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நாங்கள் மதிய சாப்பாட்டின்போது பேசிக்கொள்வோம். அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டது பேரையூரில், ஒரு மோட்டார் பட்டறை வாசலில் வைத்து. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோச்சடையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாண்டி ஒருநாள் எங்களைத் தேடி வந்தார். விசேஷ வீடுகளில் அவர் எடுக்கும் படங்களுக்கு அளவே கிடையாது. ஆல்பம் போட அதிலிருந்து நல்ல படங்களாகப் பொறுக்கிக் கொடுங்கள் என்றால் எந்த வீட்டிலும் நகர மாட்டேன் என்கிறார்களாம். "கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுத்துக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன் மேடம். அதுக்குள்ள பிள்ள பொறந்து, பிள்ளைக்கு மொட்டையும் போட்டாச்சு. இன்னும் பாக்கலண்ணேங்குறாய்ங்க" என்றார். உங்கள் மெஷினே பொறுக்கிக் கொடுக்குமா என்பது அவர் கேள்வி. சிரித்த முகமாக இருக்கிற படங்கள் உள்ளே, கோபம், வெறுப்பு, சோகம் இருக்கிற படங்கள் வெளியே. "விசேஷ வீட்டு ஆல்பத்துல உம்முனு இருக்குற மூஞ்சி எதுக்கு மேடம்?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

சரவணன் செய்து முடித்தான். சோதித்துப் பார்க்க விசேஷப் படங்கள் வேண்டுமென்றான். எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களையே கொடுத்தேன். நாங்கள் சௌராஷ்டிரா ஆட்கள். கேமராவைக் கண்டால் போதும், எங்கள் ஆட்களுக்குக் கடைவாய்ப்பல் வரை தெரிந்துவிடும். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்கு என் பெரிய மாமா போட்ட சத்தத்தை அந்தத் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரோ எடுத்த படத்தில்கூட அவர் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார். மெஷின் அத்தனை பேருக்கும் 'மகிழ்ச்சி' போட்டது. ஆல்பம் ஜம்மென்று வந்தது. சரவணன் பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

அந்த பஃப்ஸ் செரிப்பதற்குள் செல்வி வந்தாள்.

கோச்சடைக்காரி. துணிக்கடைப் பையில் ஒரு தடித்த ஆல்பத்தைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தாள். பின்னாலேயே பாண்டி, வேர்த்து விறுவிறுத்து. ஆல்பத்தை என் மேசையில் தொப்பென்று போட்டாள். அவளுடைய மகள் யாழினிக்கு நடந்த காதுகுத்து ஆல்பம் அது. அட்டையில் நல்ல பல்வரிசையோடு ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குழந்தையோட அப்பாவா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். இவரு யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள் செல்வி. "என் பக்கத்து ஆளுன்னு எங்க வீட்டுக்காரரு நெனச்சுருக்காரு. அவரு பக்கத்து ஆளுன்னு நான் நெனச்சேன்."

புரட்டினேன். பந்தியில் அந்த ஆள், சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆள், ஐஸ்கிரீம் கப்போடு அந்த ஆள். நடுநடுவே சிரித்த முகமாக அத்தைமார்கள், சமையல்காரர், மைக்செட் பையன்கள். குழந்தை ஒரே ஒரு படத்தில், தூங்கி எழுந்து ஈ என்று இளித்துக்கொண்டு இருந்தது. காது குத்துகிற படம் ஒன்றுகூட இல்லை. குத்தும்போது குழந்தை அழுமா அழாதா? அழுகிற முகம் சோகம், சோகம் வெளியே. காது குத்தாமலே நடந்து முடிந்திருந்தது அந்தக் காதுகுத்து.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. செல்வியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எங்க அண்ணன் எங்க மேடம்?" என்று கேட்டாள்.

தாய்மாமன். குழந்தையை மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள்? வேட்டு வெடித்து, கொட்டுமேளத்தோடு, தெரு அடைக்கச் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பேரையூரிலிருந்து வந்து இறங்கிய மனிதர். அவர் ஆல்பத்தில் எங்குமே இல்லை. சரவணன் கணினியைத் தட்டிப் பார்த்தான். அவர் முகம் இருந்த ஒவ்வொரு படத்துக்கும் மெஷின் 'கோபம்' என்று போட்டு வெளியே தள்ளியிருந்தது. சீர் கொண்டுவரும்போது கோபம், மாலை போடும்போது கோபம், குழந்தைக்கு முத்தம் கொடுக்கும்போதுகூடக் கோபம்.

இதில் பாண்டி ஒரு நல்ல காரியம் வேறு செய்திருந்தார். தாய்மாமனுக்கு மரியாதையாக ஒரு ஆல்பம் தனியாகப் போட்டு, செல்வி வீட்டுக்குக் கொடுத்த அன்றைக்கே பேரையூருக்கும் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். அங்கே அவர் பட்டறையில் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, "என் மருமக காதுகுத்து, பாருங்கய்யா" என்று பெருமையாகத் திறந்திருக்கிறார். கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்கிறார். மூடி, மறுபடி கட்டி, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார். செல்விக்குப் போனில் ஒரே வார்த்தை. "இனிமே உங்க வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

"எங்க வீட்டுக்காரருதான் அவரு படத்தத் தூக்கச் சொல்லிட்டாருன்னு அண்ணன் நெனைக்கிறாரு மேடம். சீரு கொஞ்சம் லேட்டா வந்துச்சு, நல்ல நேரம் போகுதேன்னு இவரு முணுமுணுத்தாரு. அதை மனசுல வச்சுத்தான் பண்ணிட்டாய்ங்கன்னு. மெஷின் எடுத்துருச்சுண்ணேன்னு சொன்னேன். மெஷினுக்கும் எனக்கும் என்னம்மா பகைன்னு கேக்குறாரு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னா அது எங்க அண்ணன்தான். வர்ற மாசம் யாழினிக்குப் பொறந்தநாளு. அவரு வரலேன்னா எனக்கு அங்க யாருமே இல்லேன்னு ஆயிரும்."

பாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

"இல்ல சார், கேக்கல" என்றேன்.

"அப்ப போய்க் கேளுங்க."

சரவணனின் காரில் நானும் அவனும் பேரையூருக்குப் போனோம். வழியெல்லாம் அவன் ஒரு திட்டத்தை விளக்கிக்கொண்டே வந்தான். லேப்டாப்பில் கேமராவைப் போட்டு, மெஷின் எப்படிப் பார்த்தாலும் அவரைக் கோபம் என்றுதான் சொல்லும் என்று நேரிலேயே காட்டிவிடுவது. அவரே கண்ணால் பார்த்துவிட்டால் மச்சான் மேல் இருக்கும் சந்தேகம் போய்விடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வெளியே வெயில், இரண்டு பக்கமும் கருவேலம்புதர், நடுநடுவே பருத்தி.

செல்வியின் அண்ணன் தவசி, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். மனிதரைப் பார்த்ததுமே மெஷின் மேல் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. புருவம் இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய செம்புக் கம்பியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து நெற்றியில் ஒரு மடிப்பு நிரந்தரமாக விழுந்திருந்தது. வாயின் இரண்டு ஓரமும் பிறவியிலேயே கீழே இறங்கி, மீசை அதற்கும் கீழே இறங்கியது. "வாங்க, உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்று அவர் சொன்னபோது சரவணன் ஓரடி பின்னால் போனான்.

வந்த விஷயத்தைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "சரி, காட்டுங்க ஒங்க மெஷின" என்றார்.

லேப்டாப்பை வேலை மேசையில் வைத்தோம். மதுரையிலிருந்து மூஞ்சி பார்க்கிற மெஷின் வந்திருக்கிறது என்ற செய்தி எப்படிப் பரவியதோ, டீக்கடை முழுக்கப் பட்டறைக்குள் வந்துவிட்டது. தவசி அண்ணன் கேமரா முன்னால் உட்கார்ந்தார். திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். 'கோபம்'.

"பாத்தீங்களாண்ணே?" என்றான் சரவணன், பரீட்சையில் பாஸானவன் மாதிரி.

"சும்மா உக்காந்துருந்தா அப்புடித்தான்யா இருக்கும். சிரிச்சுப் பாக்குறேன்" என்றார். சிரித்தார். அவர் சிரித்தது அவருக்குத்தான் தெரியும். மீசை லேசாக அசைந்தது. 'கோபம்'.

"பல்லக் காட்டுங்கண்ணே!" என்றது கூட்டம். மீசையைத் தாண்டிப் பல் வரவில்லை. "மாமா, அத்தைய நெனச்சுக்கங்க!" என்றான் ஒருவன். 'கோபம்'. நடுவில் டீக்கடைக்காரர் தலையை நீட்டினார். அவருக்கு 'வெறுப்பு' என்று வந்தது. "அது டீயக் குடிச்சுப் பாத்துருச்சு போல" என்றார் பின்னாலிருந்து ஒருவர். பட்டறையே குலுங்கியது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது. காரியம் முடிந்தது, இருட்டுவதற்குள் பசுமலை போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சரவணனுக்குக் கை அரித்தது. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று சொல்லி, தவசி அண்ணனின் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். பட்டறையில், நாலு பேர் பார்க்க, ஒரு மனிதரின் தாடையைப் பிடித்து!

"எட்றா கைய!" என்று கத்தினார். மீசைக்குள்ளிருந்து மேல்பல் கீழ்பல் அத்தனையும் வெளியே வந்தன.

திரையில் கட்டம் பச்சையானது. 'மகிழ்ச்சி'.

தவசி அண்ணன் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அதானே. ஒங்க மெஷினுக்கு என் மூஞ்சி நல்லாத்தான் தெரியுது. சந்தோசம்னு போட்டுருக்கே. அப்ப இது மச்சான் வேலைதான். அவருக்கு வக்காலத்து வாங்க இம்புட்டுத் தூரம் வந்தீங்களாக்கும்?"

எழுந்து சட்டையை உதறினார். சரவணன் வாயைத் திறந்தான். பல் தெரிந்தால் மெஷின் ஏன் ஏமாறுகிறது, எந்த அடுக்கில் என்ன நடக்கிறது என்று ஆரம்பித்தான். கூட்டத்தில் ஒருவர், "தம்பி, வண்டிய எடுத்துட்டுக் கெளம்புங்க" என்று நல்ல மனசோடு சொன்னார். செல்வியின் பிறந்த வீடு என் கண் முன்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதைச் சாத்தவைத்தது எங்கள் திட்டம்.

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். மெஷின் காலை வாரும்போது மெஷினைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசத் தோன்றும். பேசாதீர்கள். நான் லேப்டாப்பைச் சரவணன் பக்கம் திருப்பிவிட்டு, மேலாளரின் கேள்வியை எடுத்தேன்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்குறேன். இப்ப இவன் தாடையப் பிடிச்சப்ப உங்களுக்குச் சந்தோஷமா, கோவமா?"

"இது என்னம்மா கேள்வி? வந்துச்சே கோவம். நீங்க இல்லேன்னா அறைஞ்சுருப்பேன்."

"மெஷின் என்ன சொல்லுச்சு?"

"சந்தோசம்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாழினிய மடியில வச்சிருந்தீங்களே, அப்ப என்னண்ணே?"

"என் மருமகம்மா அவ. சந்தோசமாத்தான் இருந்தேன். கொஞ்சம் அழுகைகூட வந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

"அதுக்கு மெஷின் என்ன போட்டுருக்குன்னு பாக்குறீங்களா?"

பாண்டியிடமிருந்து வாங்கி வந்த, வெளியே தள்ளப்பட்ட படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார், சிவப்புக் கட்டம், கோபம். செல்விக்குச் சேலை கொடுக்கிறார், கோபம். குழந்தையை நெஞ்சோடு அணைத்திருக்கிறார், ஆசாரி காதுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுவருகிறார், குழந்தைக்கு 'சோகம்', மாமனுக்கு 'கோபம்'. அந்தப் படத்தில் அவர் நிஜமாகவே ஆசாரியை அடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருந்தார்.

தவசி அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானா இது? மனசுக்குள்ள அம்புட்டுச் சந்தோசமா இருந்தேனேம்மா. மூஞ்சிய ஏன் இப்புடி வச்சுருக்கேன்?"

அவர் மனைவி உள்ளே இருந்து வந்து எட்டிப் பார்த்தார். "கல்யாண போட்டோவுலயும் இப்புடித்தான் இருந்தாரு. தாலி கட்டும்போது நிமிந்து பாத்துட்டு, இவருக்கு இதுல இஷ்டமில்ல போலன்னு நான் அன்னைக்கெல்லாம் அழுதேன்" என்றார். கூட்டம் சிரித்தது. தவசி அண்ணன் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் மெல்லக் கேட்டார். "சரி, மெஷின்னே வச்சுக்குவோம். அதுக்கு ஒன்னும் தெரியாது. செல்விக்குத் தெரியாதா? அண்ணன் இல்லாத ஆல்பத்தப் பாத்துட்டு, இருக்கட்டும்னு எப்புடிம்மா விட்டா?"

இதுதான் வலி. மச்சான் ஒரு சாக்கு. தங்கச்சி தன்னைத் தேடவில்லையே என்பதுதான் அவர் நெஞ்சில் கிடந்திருக்கிறது.

"அவ பாக்கலண்ணே. அச்சாகுறதுக்கு முன்னாடி யாருமே பாக்கல. யாரும் பாக்க வேண்டியதில்லன்னு சொல்லித்தான் நாங்க அந்த மெஷின வித்தோம். அச்சாகி வந்ததும் முதல் பக்கத்துலருந்து உங்களத்தான் தேடிருக்கா. எங்க அண்ணன் எங்கன்னு என் மேசையில ஆல்பத்தப் போட்டுட்டு அழுதா" என்றேன்.

அவர் எழுந்து கையைத் துடைத்தார். "சாப்புடாமப் போகக்கூடாது" என்றார். அதற்கு என்ன பொருள் எடுப்பதென்று தெரியாமலே போய் இலை முன்னால் உட்கார்ந்தோம்.

வீட்டில் குழம்பு அப்படி இருந்தது. பயத்திலும் சரவணன் மூன்று தடவை சோறு வாங்கினான். சாப்பிட்டு முடித்ததும் இலையின் கீழ்ப் பாதியைத் தூக்கி, தனக்கு எதிர்ப் பக்கமாக மடித்து வைத்தான். சின்ன வயதிலிருந்து ஹாஸ்டல் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, அவனுக்குத் தெரியாது. தவசி அண்ணனின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏப்பா, எழவு வீட்டுலயா சாப்ட்ட?" என்றார் தவசி அண்ணன். "மேல் பாதிய நம்ம பக்கமா இழுத்து மடிக்கணும். அப்பத்தான் இந்த உறவு வேணும், மறுபடி வாரேன்னு அர்த்தம். அந்தப் பக்கம் தள்ளி மடிச்சா இதோட அத்துச்சுன்னு அர்த்தம். இது தெரியாம நீ மனுசன் மூஞ்சியப் படிக்க வந்துட்ட!"

சரவணன் மடித்த இலையைப் பிரித்து, மறுபடி சரியாக மடித்தான். ரசம் அவன் பேண்ட்டில் ஊற்றியது. பிறந்தநாளுக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கிளம்பும்போது அவராகவும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் இரண்டு வேலை செய்தோம். அச்சுக்குப் போகுமுன் வீட்டு ஆள் ஒருவர் எல்லாப் படத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று மாற்றினோம். பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வெளியே தள்ளப்பட்ட படங்களையெல்லாம் சேர்த்துச் செல்விக்கு இன்னோர் ஆல்பம் போட்டோம். அவள்தான் உட்கார்ந்து பொறுக்கினாள். முகத்துக்கு முகம் அண்ணன், பக்கத்துக்குப் பக்கம் கோபம். அட்டையில், ஊசியைப் பார்த்து மாமனும் மருமகளும் ஆளுக்கொரு விதமாக முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம். நான் பார்த்த ஆல்பங்களிலேயே அழகானது அதுதான்.

பிறந்தநாளுக்கு என்னையும் சரவணனையும் கூப்பிட்டிருந்தாள். கோச்சடையில் வீட்டு மொட்டை மாடியில் பந்தல். செல்வி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேக் வெட்ட வேண்டும் என்று மூன்று பேர் சொன்னார்கள், கேட்காத மாதிரி இருந்தாள். பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று சிரித்தது. அந்தப் பல்வரிசைக்காரர். இந்தத் தடவையும் அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தவசி அண்ணன் வந்தார். முகம் அப்படியே இருந்தது. யாரிடமும் பேசவில்லை. குழந்தையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தார், குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது, விட்டுவிட்டார். புது ஆல்பத்தைச் செல்வி நீட்டினாள். வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார், திறக்கவில்லை. சரவணன் போனில் நம் மெஷினைப் போட்டு ஓரமாக நின்றுகொண்டான். "கோபம்தான் காட்டுது மேடம்" என்று என் காதில் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பந்தி போட்டார்கள். வந்து உட்காருங்கண்ணே என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. அவரே வந்து ஓர் இலை முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். செல்வி சோறு வைத்தாள். மச்சான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கு மெஷின் 'பயம்' என்று போட்டது. அன்றைக்கு அது சரியாகச் சொன்னது அது ஒன்றைத்தான்.

தவசி அண்ணன் கையை நனைத்தார். நிமிரவே இல்லை. சாம்பார், ரசம், மோர். யார் என்ன போட்டாலும் வாங்கிக்கொண்டார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆல்பம் நாற்காலியிலேயே கிடந்தது. செல்வி கையில் கரண்டியோடு அவருக்கு எதிரில் நின்றாள், வேறு யாருக்கும் பரிமாறவில்லை. அவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. நானும் பார்த்தேன்.

கடைசி வாய் மோர்ச்சோறு போனது. விரலால் இலையை வழித்தார். பிறகு இடது கையால் இலையின் மேல் விளிம்பைப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கமாக இழுத்து மடித்தார். மடித்த இடத்தை ஒருமுறை அழுத்தியும் விட்டார்.

செல்வி கரண்டியைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடிப்போய் நின்று அழுதாள். மச்சான் வாளியோடு அவள் பின்னால் ஓடினார். தவசி அண்ணன் கை கழுவப் போனார். என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

சரவணன் போனை நீட்டினான். "மேடம், செல்வியக்காவுக்குச் சோகம்னு வருது. அவருக்கு இன்னமும் கோபம்தான்."

"இலையப் படம் எடுத்தியா?" என்று கேட்டேன்.

போனைப் பார்த்தான். திரும்பிப் பந்தியைப் பார்த்தான். அதற்குள் இலைகளை எடுத்துவிட்டார்கள்.

"இல்ல மேடம். மூஞ்சியத்தான் எடுத்தேன்."